தெருவில் நாய், ஆய்வகத்தில் குரங்கு: பரிவுக்கு எது அளவுகோல்?

புதுதில்லி: தெருநாய்கள் விவகாரத்தில் 2025 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் 11 நாள் இடைவெளியில் பிறப்பித்த இரண்டு உத்தரவுகள், நாய்களைப் பற்றிய கேள்வியை மட்டும் எழுப்பவில்லை. விலங்குகளிடம் இந்திய சமூகம் காட்டும் பரிவு எந்த அடிப்படையில் அமைந்திருக்கிறது, அந்தப் பரிவின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்கிற பழைய கேள்வியையும் அவை மீண்டும் கிளப்பிவிட்டன.

தில்லியில் நாய்க்கடியாலும் ரேபிஸ் நோயாலும் குழந்தைகள் பாதிக்கப்படுவது குறித்து வெளியான நாளிதழ்ச் செய்தியின் அடிப்படையில், 2025 ஜூலை 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்குப் பதிவு செய்தது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, தலைநகரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் திரியும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், மீண்டும் தெருவில் விடக் கூடாது என்று உத்தரவிட்டது. எதிர்ப்புத் தெரிவித்து விலங்கு ஆர்வலர்கள் இந்தியா கேட் பகுதியில் திரண்டனர். பலரைப் போலீஸார் அப்புறப்படுத்தினர்.

ஆகஸ்ட் 22-ஆம் தேதி நீதிபதி விக்ரம் நாத் தலைமையிலான மூவர் அமர்வு அந்த உத்தரவைத் திருத்தியது. கருத்தடை செய்து தடுப்பூசி போடப்பட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். ரேபிஸ் பாதித்த நாய்களையும் மூர்க்கமான நாய்களையும் மட்டும் விடக் கூடாது. உணவு வைக்கத் தனி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்றது அந்த அமர்வு. வழக்கு எல்லா மாநிலங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பின்னர் நவம்பர் 7-ஆம் தேதி, கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள், விளையாட்டு வளாகங்கள் ஆகியவற்றிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடக் கூடாது என்று அதே அமர்வு உத்தரவிட்டது.

இந்த நான்கு மாதங்களில் தலைநகரின் மத்தியதர வர்க்கம் இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்றதைக் காண முடிந்தது. மெழுகுவர்த்தி ஏந்தியவர்கள் ஒரு பக்கம். உத்தரவை வரவேற்று இனிப்பு வழங்கத் தயாரான குடியிருப்போர் சங்கங்கள் மறுபக்கம். ஆனால் இந்த வாதத்தில் அதிகம் ஒலிக்காத குரல்கள் இரண்டு உண்டு. ஒன்று, தெருவில் விளையாடும்போதும் வேலைக்கு நடந்து செல்லும்போதும் கடிபடும் ஏழையின் குரல். மற்றொன்று, அந்தக் கடிக்கான மருந்தைத் தயாரிப்பதற்காக ஆய்வகக் கூண்டுகளில் வாழ்ந்து மடியும் விலங்குகளுடையது.

தெருநாய்க்காகத் திரண்ட கூட்டம் ஆய்வகக் குரங்குக்காகத் திரண்டதில்லை. விலங்குகளிடம் நமது மனோபாவம் மாறியிருப்பது உண்மையே. ஆனால் அந்த மாற்றம் எந்த விலங்கு அதிகம் துன்பப்படுகிறது என்பதைப் பின்பற்றவில்லை. எந்த விலங்கு கண்ணுக்குத் தெரிகிறது, எந்தப் பரிவுக்குச் செலவு குறைவு என்பதையே பின்பற்றி வந்திருக்கிறது. கடந்த 70 ஆண்டுச் சட்ட வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ருக்மிணி தேவியின் மசோதா: விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட கலாக்ஷேத்ரா நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல், 1953-இல் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டு வரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததை ஏற்று அவர் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதிமொழியின் விளைவே 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962-இல் சென்னையில் அமைக்கப்பட்ட இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 2018-இல்தான் வாரியத்தின் தலைமையகம் ஹரியாணா மாநிலம் வல்லப்கருக்கு மாற்றப்பட்டது.

விலங்குக்கு வலிக்கும் என்பதை ஒரு சுதந்திர நாடு சட்டத்தில் ஏற்றுக்கொண்ட அந்த நடவடிக்கை, அதன் காலத்தில் பெரிய முன்னேற்றம். ஆயினும் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, மனிதர்கள், விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் நோய்களை எதிர்க்கவும் உயிர்களைக் காக்கவும் புதிய அறிவைப் பெறவும் விலங்குகள் மீது நடத்தப்படும் சோதனைகள் சட்டவிரோதம் ஆகாது என்றது. அதற்கு அடுத்த பிரிவு, சோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்கலாம் என்றது. தண்டனையோ, முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். 1960-இல் ஓரளவு மதிப்புள்ள அந்தத் தொகை இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதாது. தண்டனையை உயர்த்தும் வரைவு மசோதாவை 2022 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. 2025 முடியும் வரை அது சட்டமாகவில்லை.

ஏற்றுமதியான குரங்குகள்: இந்த மனோபாவ மாற்றத்தை ஒரே ஒரு விலங்கை வைத்து அளப்பதானால், வட இந்தியாவின் ரீசஸ் குரங்கையே எடுத்துக்கொள்ளலாம். அனுமனின் வடிவமாக வணங்கப்படும் அதே குரங்கு, 1950-களில் போலியோ தடுப்பூசித் தயாரிப்புக்கும் மருத்துவ ஆய்வுக்கும் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்யப்பட்டது. 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில், வழியில் இறக்கி வைக்கப்பட்டிருந்த இந்தியக் குரங்குகளில் சுமார் 390 மூச்சுத் திணறி இறந்தன. எழுந்த கண்டனத்தால் ஏற்றுமதி சிறிது காலம் நிறுத்தப்பட்டு, தடுப்பூசிக்கும் மருத்துவ ஆய்வுக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிற நிபந்தனையுடன் மீண்டும் தொடங்கியது.

அந்த நிபந்தனை மீறப்பட்டு, ராணுவத் தேவைக்கான கதிர்வீச்சுச் சோதனைகளில் இந்தியக் குரங்குகள் பயன்படுத்தப்பட்டன என்கிற தகவல் 1970-களில் வெளியானது. பிரதமர் மொரார்ஜி தேசாயின் அரசு 1978 ஏப்ரல் முதல் குரங்கு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அந்தத் தடைக்குக் கருணை மட்டுமே காரணம் அல்ல. நாட்டின் தன்மானமும் அதில் கலந்திருந்தது. அயல்நாட்டு ஆய்வகத்தில் நடப்பது இங்கே கோபத்தை மூட்டியது. உள்நாட்டு ஆய்வகங்களின் கூண்டுகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை.

40 ஆண்டுகளுக்குப் பின்னர் கரோனா வந்தது. புணேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனமும் ஹைதராபாதின் பாரத் பயோடெக் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய கோவேக்ஸின் தடுப்பூசியை, மனிதர்களுக்குச் செலுத்துமுன் சோதிக்க 20 ரீசஸ் குரங்குகள் தேவைப்பட்டன. பொது முடக்கத்துக்கு இடையே மகாராஷ்டிர வனப்பகுதிகளில் குரங்குகள் தேடிப் பிடிக்கப்பட்டன. தடுப்பூசிக்காக நாடே காத்திருந்த அந்த நாள்களில் இதை எதிர்த்துப் பெரிய குரல் எதுவும் எழவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கில்லை. தன் உயிருக்கு ஆபத்து என்றால் சமூகம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்த மௌனம் காட்டியது என்பதே கவனிக்கத்தக்கது.

ஆட்டு மூளையும் நாய்க்கடியும்: தெருவும் ஆய்வகமும் தொடர்பில்லாத இரு உலகங்கள் அல்ல. அவற்றை இணைக்கும் முடிச்சு ரேபிஸ். ஹிமாசலப் பிரதேசத்தின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்கிற பிரிட்டிஷ் மருத்துவர் 1911-இல் உருவாக்கிய தடுப்பூசிதான் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்தியாவில் நாய்க்கடிக்கு மருந்தாக இருந்தது. தொப்புளைச் சுற்றிப் போடப்படும் 14 ஊசிகள் என்று நமது பாட்டிமார்கள் அஞ்சிய மருந்து அதுதான். உயிருள்ள ஆடுகளுக்கு ரேபிஸ் கிருமியைச் செலுத்தி, நோய் முற்றிய பின் அவற்றைக் கொன்று மூளையை எடுத்து அது தயாரிக்கப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பல பத்தாண்டுகள் இவ்வாறே தயாரிக்கப்பட்டது.

நாயைக் கொல்லக் கூடாது என்று வாதாடிய காலத்திலும், நாய் கடித்தால் போடும் ஊசிக்காக ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்துகொண்டிருந்தன. அந்த ஆடுகளைப் பொதுமக்கள் பார்த்ததில்லை. ஊசியால் சிலருக்குப் பக்கவாதம் போன்ற நரம்புக் கோளாறுகளும் ஏற்பட்டன. பணம் படைத்தவர்கள் தனியார் மருத்துவமனைகளில் புதிய வகைத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள, அரசு மருத்துவமனைக்குச் சென்ற ஏழைகளுக்கு ஆட்டு மூளை ஊசியே கிடைத்தது. அதைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் நீண்ட காலம் வலியுறுத்தியும், 2004-ஆம் ஆண்டின் இறுதியில்தான் இந்தியாவில் அது முற்றிலும் நிறுத்தப்பட்டது.

அதன் இடத்தைப் பிடித்த தடுப்பூசிகளில் முக்கியமானது, வீரோ செல் எனப்படும் உயிரணுக்களில் வளர்க்கப்படுவது. 1962-இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்களின் வழித்தோன்றல்களே அவை. ஒரு விலங்கிலிருந்து ஒரு முறை எடுத்தது, லட்சக்கணக்கான விலங்குகளுக்கு மாற்றாக அமைந்தது. மருந்தும் பாதுகாப்பானதாகியது. மனிதனின் நலனும் விலங்கின் நலனும் எப்போதும் எதிரெதிரானவை அல்ல என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. பணமும் அறிவியலும் சேர்ந்து இடப்பட்டால் இருவருக்கும் நன்மை விளையும்.

எனினும் ஆழமான காயங்களுக்குத் தடுப்பூசியுடன் சேர்த்துப் போடப்படும் எதிர்ப்புப் புரத மருந்து, நாட்டின் பல இடங்களில் இன்றும் குதிரை ரத்தத்திலிருந்தே பெறப்படுகிறது. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தும் அப்படித்தான். விஷம் கொடுத்து உதவும் பாம்பை நாம் அறிவோம். மீண்டும் மீண்டும் ரத்தம் கொடுக்கும் குதிரையை அறிவதில்லை.

கூண்டுக்குள் சென்ற சட்டம்: சோதனைகளைக் கண்காணிக்கும் குழு 1964-இலேயே அமைக்கப்பட்டாலும், அதற்கு உயிர் வந்தது 1998-இல். அப்போது மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி அதன் தலைவரானார். அதே ஆண்டு விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் அறிவிக்கப்பட்டன. ஒவ்வோர் ஆய்வு நிறுவனமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். விலங்கு அறநெறிக் குழு ஒன்றை அமைத்து, வெளியிலிருந்து நியமிக்கப்படும் பிரதிநிதியையும் அதில் சேர்க்க வேண்டும். நாய், குரங்கு போன்ற பெரிய விலங்குகளைப் பயன்படுத்த மையக் குழுவின் அனுமதி பெற வேண்டும் என்கிற நிலை உருவானது.

விஞ்ஞானிகள் கொந்தளித்தனர். அனுமதி தாமதமாவதால் ஆய்வுகள் முடங்குகின்றன, நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்கும் பணி உணர்ச்சிவசப்பட்டவர்களின் கையில் சிக்கிவிட்டது என்று அவர்கள் குற்றம் சாட்டினர். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் ஆய்வாளர்கள் நேரில் சென்று பார்த்தபோது, அரசு நிறுவனங்கள் உள்படப் பல இடங்களில் விலங்குக் கூடங்கள் மோசமான நிலையில் இருந்ததும் வெளிப்பட்டது. நோயுற்ற, பட்டினி கிடக்கும், அச்சத்தில் உறைந்த விலங்கிடமிருந்து கிடைக்கும் ஆய்வு முடிவுகளை நம்ப முடியாது என்பதை அறிவியலாளர்களே பின்னர் ஏற்றுக்கொண்டனர். கூண்டின் அளவு, உணவு, வலிநிவாரணம் ஆகியவை அறிவியலின் தரத்தோடும் தொடர்புடையவை என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

எளிதில் கிடைத்த வெற்றிகள்: அதன் பின்னர் அடுத்தடுத்துச் சில மாற்றங்கள் வந்தன. கல்லூரிகளில் தவளை, எலி, கரப்பான்பூச்சி ஆகியவற்றை அறுப்பதைப் படிப்படியாகக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டுதல் வெளியிட்டு, 2014-இல் அதைக் கடுமையாக்கியது. இந்த மாற்றத்துக்கு வித்திட்டவர்களில் தமிழகத்துக்கும் பங்குண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், விலங்குகளுக்கு மாற்றான கற்பித்தல் முறைகளுக்கென மகாத்மா காந்தியின் பெயரால் ஒரு மையம் 2009-இல் அமைக்கப்பட்டது. 2014-இல் அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மீது சோதிக்க மத்திய அரசு தடை விதித்தது. அவ்வாறு சோதிக்கப்பட்ட பொருள்களை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டு நவம்பரில் தடை வந்தது. முயலின் கண்ணில் ஷாம்பு ஊற்றும் காட்சி பொதுமக்களின் மனச்சாட்சியை உறுத்தியிருந்தது.

இவை வரவேற்கத்தக்க வெற்றிகளே. ஆனால் இவற்றில் யாரும் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். உதட்டுச் சாயத்துக்குப் பாதுகாப்பான மூலப்பொருள்கள் ஏற்கெனவே இருந்தன. ஐரோப்பிய யூனியன் 2013-இலேயே இத்தகைய பொருள்களின் விற்பனைக்குத் தடை விதித்துவிட்டதால், ஏற்றுமதியாளர்களுக்கும் அதுவே வசதியாக இருந்தது. தவளைக்குப் பதில் கணினித் திரை வந்தது. உண்மையான சோதனை மருந்துத் துறையில்தான் இருக்கிறது.

ஆய்வகத் தரம் தொடர்பான சர்வதேச ஏற்பாட்டில் 2011-இல் இந்தியா முழு உறுப்பு நாடானது. இங்கே நடத்தப்படும் பாதுகாப்புச் சோதனைகளின் முடிவுகளை வளர்ந்த நாடுகளும் ஏற்கும் நிலை அதனால் உருவானது. பெங்களூர், ஹைதராபாத், ஆமதாபாத் ஆகிய நகரங்களில் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள் வளர இதுவும் உதவியது. அங்கே எலிகளும் முயல்களும் பீகிள் இன நாய்களும் பயன்படுகின்றன. சோதனை முடிந்த பீகிள் நாய்களைத் தத்துக் கொடுக்கும் ஏற்பாடு பெங்களூரில் பிரபலமாகியிருக்கிறது. நேற்று வரை காதில் எண் பதிக்கப்பட்டிருந்த நாய், ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் பெயர் பெறுகிறது. அதனுடன் சோதிக்கப்பட்ட எலிக்கு அந்த வாய்ப்பு இல்லை. எலியைத் தத்தெடுக்க யாரும் வரிசையில் நிற்பதில்லை.

2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட திருத்தத்தின் மூலம், புதிய மருந்துகளுக்கான விதிகளில் விலங்குச் சோதனைக்குப் பதிலாக மனித உயிரணுக்களைக் கொண்ட சோதனைகள், கணினி மாதிரிகள் போன்ற மாற்று வழிகளின் தரவுகளையும் சமர்ப்பிக்கலாம் என்று இந்தியா வழிவகுத்தது. அமெரிக்கா 2022 டிசம்பரில் இதேபோன்ற சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. ஆனால் அனுமதி வேறு, வசதி வேறு. மாற்று வழிகளை மெய்ப்பித்துக் காட்டும் ஆய்வுக்கூடங்களும், அந்தத் தரவுகளை மதிப்பிடத் தெரிந்த அதிகாரிகளும் போதிய எண்ணிக்கையில் இல்லாதவரை நிறுவனங்கள் பழைய வழியையே நாடும்.

வீட்டுக்குள் வந்த நாய்: இதற்கிடையே நகரங்களில் செல்லப்பிராணிகளின் நிலை தலைகீழாக மாறியது. முற்றத்தில் கட்டிப்போடப்பட்ட காவல் நாய், குளிரூட்டப்பட்ட அறைக்குள் வந்து குடும்ப உறுப்பினரானது. உரிமையாளர் என்று சொன்ன இடத்தில் "பெட் பேரன்ட்" என்கிற சொல் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிக்கக் கூடாது என்று விலங்கு நல வாரியம் 2015-இல் சுற்றறிக்கை அனுப்பியது. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து 2017-இலும் செல்லப்பிராணிக் கடைகள் குறித்து 2018-இலும் விதிகள் வந்தன. 2020 ஆகஸ்டில் வானொலி உரையில் பிரதமர் நரேந்திர மோடி ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை உள்ளிட்ட இந்திய இனங்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார்.

இந்தப் பாசத்துக்கு மறுபக்கமும் உண்டு. வெளிநாட்டு இனக் குட்டிகளை ஆசையாய் வாங்கி, வளர்ந்தபின் தெருவில் விடுவோர் குறைவில்லை. விதிகள் இருந்தும் பதிவு செய்யப்படாத இனப்பெருக்கக் கூடங்களைத் தடுக்க உள்ளாட்சிகளிடம் ஆள் இல்லை. 2024 மார்ச்சில் 23 இன நாய்களை வளர்க்கத் தடை விதிக்குமாறு மாநிலங்களுக்கு மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையை, உரியவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி ஏப்ரல் மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவசரமாக ஓர் உத்தரவு, அதற்குத் தடை, பின்னர் மௌனம் என்பதே இந்தத் துறையில் அரசின் வழக்கமாகிவிட்டது.

கணக்கில் வராத மரணங்கள்: தெருநாய் விவகாரத்துக்கு மீண்டும் வருவோம். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 1.71 கோடியாக இருந்த தெருநாய்களின் எண்ணிக்கை 2019-இல் 1.53 கோடியாகக் குறைந்தது என்கிறது அரசு. அப்படியானால் கடிகளும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் பதிவான நாய்க்கடிகள் 2022-இல் சுமார் 22 லட்சம், 2023-இல் சுமார் 30 லட்சம், 2024-இல் 37 லட்சத்துக்கும் மேல். பதிவு முறை மேம்பட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எனினும் எண்ணிக்கை ஆறுதல் தருவதாக இல்லை.

மரணக் கணக்கு இன்னும் குழப்பமானது. 2024-இல் ரேபிஸால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுவோர் 54 பேர் என்று மத்திய அரசு தெரிவித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-23-இல் 15 மாநிலங்களில் நடத்திய கள ஆய்வின் மதிப்பீடோ ஆண்டுக்கு சுமார் 5,700 மரணங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய மதிப்பீடு 18,000 முதல் 20,000 வரை. 54-க்கும் 5,700-க்கும் இடையே உள்ள தூரம்தான், இந்த மரணங்களை அரசு எந்த அளவுக்குக் கவனிக்கிறது என்பதன் அளவு. கடிபட்டவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவர் தடுப்பூசியே போட்டுக்கொள்ளவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. சந்தேகத்துக்குரிய விலங்கால் கடிபடுவோரில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உள்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தோன்றிவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைப்பது மிக அரிது.

நாய்களைக் கொல்வது தீர்வல்ல என்பதைச் சென்னை தன் அனுபவத்தில் கற்றது. பல பத்தாண்டுகள் மின்சாரம் பாய்ச்சி நாய்களைக் கொன்றுவந்த மாநகராட்சி, நாய்களும் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை என்பதை உணர்ந்து, 1996-இல் புளூ கிராஸ் அமைப்புடன் சேர்ந்து கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. 2001-இல் அதுவே நாடு முழுமைக்குமான விதியானது, 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. கொள்கை சரியானதே. ஆனால் ஒரு பகுதியில் உள்ள நாய்களில் சுமார் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால்தான் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுபடும். கருத்தடையும் அதேபோல் குறுகிய காலத்துக்குள் பெரும்பாலான நாய்களைச் சென்றடைய வேண்டும். ஆண்டுக்குச் சில ஆயிரம் நாய்களைப் பிடித்துவிட்டுக் கணக்குக் காட்டுவதில் பயனில்லை.

செய்ய முடியும் என்பதற்குக் கோவா சான்று. அங்கே மாநில அரசும் ஒரு தொண்டு நிறுவனமும் இணைந்து, ஆண்டுதோறும் வீதி வீதியாகச் சென்று நாய்களுக்குத் தடுப்பூசி போட்டன. பள்ளிகளில் விழிப்புணர்வு வகுப்புகள் நடத்தின. சந்தேகத்துக்குரிய நாய்களை உடனுக்குடன் கண்காணித்தன. 2021-இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாகக் கோவா அறிவிக்கப்பட்டது. அங்கே நாய்கள் ஒழிக்கப்படவில்லை, நோய்தான் ஒடுக்கப்பட்டது. சிறிய மாநிலம் என்பது உண்மை. ஆனால் பெரிய மாநிலங்களில் இல்லாதது நிலப்பரப்பு சார்ந்த வசதி மட்டுமல்ல. தொடர்ந்து பல ஆண்டுகள் பணம் ஒதுக்கும் உறுதியும்தான்.

சட்டம் யார் கையில்?: விலங்கு நலச் சட்டம் அரசியலிலிருந்து விலகி நின்றதும் இல்லை. 1960-ஆம் ஆண்டின் அதே சட்டத்தின் கீழ், 2017 மே மாதத்தில் மத்திய அரசு கால்நடைச் சந்தைகளுக்கு விதிகளை அறிவித்தது. இறைச்சிக்காக மாடுகளைச் சந்தையில் விற்பதை அவை தடுத்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. வதையைத் தடுக்கும் சட்டம் உணவையும் வாழ்வாதாரத்தையும் கட்டுப்படுத்தும் கருவியாகிறது என்கிற சந்தேகம் அப்போது எழுந்தது. விலங்கு நலம் என்றாலே ஒரு வர்க்கத்தின் அல்லது ஒரு கட்சியின் விவகாரம் என்று சாதாரண மக்கள் விலகி நிற்க இதுவும் ஒரு காரணம்.

ஜல்லிக்கட்டு வழக்கிலும் இதே இழுபறி தெரிந்தது. 2014 மே மாதம் நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், பசி, அச்சம், வலி ஆகியவற்றிலிருந்து விடுதலை பெறும் உரிமைகள் விலங்குகளுக்கு உண்டு என்று கூறி ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் எழுந்த போராட்டமும் அதைத் தொடர்ந்த சட்டத் திருத்தமும் நாடறிந்தவை. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றதுடன், விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று கூற முன்னுதாரணம் இல்லை என்றும் தெரிவித்தது. ஒன்பது ஆண்டுகளில் நீதிமன்றம் ஒரு பெரிய வட்டம் சுற்றி வந்தது.

தீர்ப்புகள் இவ்வாறு ஊசலாடுவதற்கு நீதிபதிகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நாடாளுமன்றமும் அரசும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடும்போது, எல்லா முரண்பாடுகளும் நீதிமன்றத்தின் வாசலில் வந்து குவிகின்றன. அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு, உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட அந்தக் கடமையைக் குடிமகனின் தோளில் வைத்த அரசு, அதற்கான செலவுத் திட்டத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை.

செய்ய வேண்டியவை: தெருவைப் பொறுத்தவரை, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உள்ளாட்சிகளுக்குத் தனி நிதி, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தட்டுப்பாடின்றி மருந்து, ரேபிஸ் மரணம் ஒவ்வொன்றையும் விசாரித்துப் பதிவு செய்யும் முறை ஆகிய மூன்றும் உடனடித் தேவைகள். ஆய்வகத்தைப் பொறுத்தவரை, எந்த நிறுவனம் எத்தனை விலங்குகளை எதற்காகப் பயன்படுத்துகிறது என்பதை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பிரிட்டன் இத்தகைய புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. அதனால் அங்கே ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. மாற்று வழி ஆய்வுகளுக்கு நிதியும், 50 ரூபாய் அபராதத்துக்கு முடிவும் இதனுடன் சேர வேண்டும்.

இவற்றில் எதுவும் நாய் நேசர்களுக்கும் நாயைக் கண்டு அஞ்சுவோருக்கும் இடையிலான சண்டையால் நடந்துவிடாது. உணவு வைப்பவர்கள், தாங்கள் உணவிடும் நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். எதிர்ப்பவர்கள், காப்பகம் என்கிற பெயரில் பட்டினிக் கூடங்களைக் கேட்கிறோமா என்று யோசிக்க வேண்டும். லட்சக்கணக்கான நாய்களைக் கண்ணியமாக வைத்துப் பராமரிக்கும் வசதி தில்லி உள்பட எந்தப் பெருநகரத்திலும் இல்லை.

நாய் மூலம் பரவும் ரேபிஸை 2030-க்குள் ஒழிப்பதாக 2021-இல் மத்திய அரசு தேசிய செயல்திட்டம் வெளியிட்டது. அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நீதிமன்றங்களில் இன்னும் பல உத்தரவுகள் வரலாம், மாறலாம். ஆனால் ஊரக மருத்துவமனை ஒன்றில், கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம் "மருந்து இருப்பில் இல்லை, நகரத்துக்குப் போங்கள்" என்று சொல்லப்படும் நிலை நீடிக்கும் வரை, அந்தக் குழந்தைக்கும் நீதி இல்லை; கடித்த நாய்க்கும் இல்லை; அந்த மருந்துக்காக உயிர் கொடுத்த விலங்குகளுக்கும் இல்லை.